ஆறு பத்துக்குள் ஒரு பெயர்

ஜெகதீசன் பல் தேய்த்தான், குக்கரை ஏற்றினான், சட்டையை மாட்டினான். ஆறு மணிக்குக் கம்பெனிப் போன் வழக்கம்போலக் கேட்டது: "நேற்று உங்கள் லைனில் சரியாக வேலை செய்யாதவர் யார்?" அதிக ஓட்டு வாங்கும் ஆளுக்கு அன்று அமிலக் கொட்டகையில் வேலை. ஆறு பத்துக்குள் பெயர் போடாதவனின் ஓட்டு அவன் மேலேயே விழும்.

அதே லைனில் வேலை செய்யும் குபேந்திரன் அழைத்தான். "மச்சான், யாரைப் போடுறே? சொல்லித் தொலை, சேர்ந்தே போட்டுடலாம்."

ஜெகதீசன் போனைக் கவிழ்த்து வைத்தான். மறுபடி எடுத்தான்.

போன வருடம் அவன் மனைவி வெண்ணிலா லைன் முழுக்கக் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள்: நாளைக்கு ஒருத்தரும் பெயர் போடுவதில்லை, ஆளுக்கு ஒரு ஓட்டுதான் விழும், யாரையும் அனுப்ப முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். விடிந்ததும் பயம் வந்துவிட்டது. அவள் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவனும் நினைத்தான்.

கேட்டில் இருந்த பலகையில் அவள் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று. லைனில் மொத்தமே நாற்பத்தொரு பேர். அவள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சாயங்காலம் கொட்டகையிலிருந்து அவள் உடல்தான் வந்தது.

மணி ஆறு ஒன்பது. ஜெகதீசன் பெயர் எதுவும் போடாமல் போனை அணைத்தான்.

போன வருடம் பலகையைப் பார்த்த அன்று, கேட்டில் வெண்ணிலா சாப்பாட்டுப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ரசம் தனியா இருக்கு, கொட்டிடாதே."