மலைக்காரிக்கு மீன்

"இங்க நின்னு உன் பேரைச் சொல்ல முடியாது. ரூமுக்குப் போயி எடுக்குறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஜெயகுமார் போனை வைத்தான்.

விஜயலெட்சுமி கொழுந்துக் கூடையோடு தேயிலை நிரைக்குள் அப்படியே நின்றாள். புருஷன் ஜப்பானுக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போய் ஒரு வருசமாகிறது. பகலில் எப்போது எடுத்தாலும் இதே பதில்தான். கட்டிய பெண்டாட்டியின் பேரைச் சொல்ல முடியாத இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

கடைசியாக அவன் அனுப்பிய படத்தில் ஒரு பெரிய மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றான். விரலில் கல்யாண மோதிரம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, படம் கலங்கும் வரை அவள் பார்த்தாள்.

அவனோடு வேலை செய்யும் றுஷ்தியின் மனைவி ஜுமானா பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி பார்க்கிற சாக்கில் அங்கே போன விஜயலெட்சுமி, பேச்சோடு பேச்சாக மோதிரக் கதையை இழுத்தாள்.

"எங்கட அவரும் கழட்டித்தான் வெச்சிருக்காராம்" என்றாள் ஜுமானா, துணியை மடித்துக்கொண்டே. "அந்த மலையில ஒருத்தி இருக்காவாம். வேற பொம்புளைட பேரைக் கேட்டாலே அவவுக்குப் புடிக்காதாம். ஒங்கட ஆள் அவவுக்கு மீனெல்லாம் வாங்கிக்கொண்டு போறாராம்."

"மீனா?"

"அதுவும் கடையிலயே ஆக அசிங்கமான மீனாப் பாத்து. ஏனெண்டு கேட்டா எங்கட ஆள் சிரிக்கிறார்."

அசிங்கமான என்ற சொல் விஜயலெட்சுமியின் காதில் ஏறவே இல்லை. மீன் மட்டும் முள்ளாகத் தொண்டையில் நின்றது. இங்கே இருந்தவரை அவளுக்கென்று ஒரு துண்டுக் கருவாடுகூட வாங்கி வராதவன் அவன். தோட்டம் இருக்கும் ஹாலிஎல வரைக்கும் பஸ் ஜன்னலில் பனியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பனிக்குள்ளிருந்து மெல்லிய வெள்ளைக் கை ஒன்று நீண்டு, அவன் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டே இருந்தது.

அவனிடம் கேட்க அவளுக்குப் பயம். கேட்டால் பொய் சொல்வான். அந்தப் பொய் நன்றாக இருந்துவிட்டால் இவள் நம்பிவிடுவாள்.

லயத்து வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக் காளியம்மன் கோயிலுக்குப் போனாள். அநியாயம் செய்தவர்கள் மேல் மிளகாய் அரைத்து முறையிடுவதற்கென்றே கோயிலுக்குப் பின்னால் ஒரு அம்மி கிடந்தது. வழியில் வாங்கிய ஒரு பை காய்ந்த செத்தல் மிளகாயையும் கொட்டி, கண்ணில் நீர் வழிய அரைத்தாள். யார் மேல் அரைப்பது? பேர் தெரியாதே.

"அந்த மலையில இருக்கிறவ எவளா இருந்தாலும் சரி. அவ கண்ணு எரியணும், தாயே."

இருட்டுகிற நேரத்தில் ஜெயகுமார் ரூமிலிருந்து போன் எடுத்தான். எரிகிற கையைத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்துக்கொண்டு, அடக்கியும் அடங்காமல் கேட்டுவிட்டாள்.

"யாருங்க அவ, மீன் திங்கிறவ?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவளா? அது சாமி, புள்ள."

அங்கே கல்லிலும் மரத்திலும் மலையிலும் குடியிருக்கிற தெய்வங்களைக் காமி என்பார்களாம். அவன் வேலை செய்கிற மலையின் காமி ஒரு பெண். தான் அழகில்லை என்று அவளுக்கு ஒரு குறை. அதனால் வேறு பெண்களின் வாடையே ஆகாது. மரம் வெட்டப் போகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். மனைவி பேரை அங்கே வாயில் எடுக்க மாட்டார்கள். அசிங்கமான மீன் ஒன்றைப் படைத்தால், தன்னைவிட மோசமான முகமும் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்துவிடுவாளாம். அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை, நம்ம முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிற மாதிரிதானே என்று அவனும் செய்கிறான். சொன்னால் விஜயலெட்சுமி கேலி செய்வாள் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

"அவ பார்வை நம்ம மேல இருந்தாத்தான் மரம் நம்ம மேல சாயாது. நாளைக்கு வெட்டப்போறது, படத்துல பாத்தியே, அந்தப் பெரிய மரம். நம்ம உசிரு அவ கண்ணுலதான் இருக்கு."

விஜயலெட்சுமி பேசினுக்குள் சிவந்து கிடந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் போனை வாயோடு ஒட்டிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு மீனு ரெண்டா வாங்கி வைங்க. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."