ஒரு வருஷத் தபால்

பச்சைத் தபால் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள் நாரே. பெட்டியின் வாய் குறுகல். கோட்டுப் பொத்தான் சிக்கிக்கொண்டு, கை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“அடியம்மா! தபால் பெட்டிக்குள்ள கையை விட்டுத் திருடற அளவுக்குத் துணிஞ்சாச்சா?” என்று பார்வை மேடையின் தகவல் அறையிலிருந்து பியோன் என்ற பெரியவர் ஓடிவந்தார். அந்தக் குன்றுக்கு அவர்தான் காவல், அவர்தான் அதிகாரி.

“திருடலை சார். போன வருஷம் பிப்ரவரில நானே போட்ட கார்டு. அது எனக்குத் திரும்ப வேணும்.”

பொத்தானை விடுவித்து அவள் கையை வெளியே எடுத்துவிட்ட பியோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்கொரியாவின் பூசானில் கடல் பார்க்க இந்தக் குன்றுக்கு ஏறி வருகிறவர்களுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார்கள். சிவப்பில் போட்டால் உடனே போகும். பச்சையில் போட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் போகும். அதற்குள் காதல் கசந்துபோய்க் கார்டைத் திருப்பிக் கேட்டு வந்த ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“என்ன, அவனுக்கு வேற இடத்துல கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?”

“எங்கப்பா அம்மாவுக்கு எழுதினது சார். அவங்க கைக்கு அது போகவே கூடாது.”

“போட்டது போட்டதுதான்மா. பிப்ரவரி மூட்டையை நாலு மணி வண்டில ஏத்தணும்.” கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். “காலேஜ் முடிச்ச ஜோருல, வேலை வாங்கிடுவேன், வீடு பிடிச்சிடுவேன்னு பீத்தி எழுதியிருப்பே. ஒண்ணும் நடக்கலை. அதானே?”

“எல்லாமே நடந்துச்சு சார்” என்றாள் நாரே. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“ஏப்ரல்ல வேலை கிடைச்சது. முதல் சம்பளத்துல, வழக்கப்படி ரெண்டு பேருக்கும் சிவப்புக் கலர்ல குளிர் உள்ளாடை வாங்கிக் கொடுத்தேன். மே மாச வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு அம்மா தெருவெல்லாம் காட்டிட்டு வந்தாங்க. மூணாவது தடவைல லைசென்ஸ் வாங்கினேன். அக்டோபர்ல என் பேர்லயே ஒரு ரூம் எடுத்தேன். அதுல ஜன்னல் இருக்கு சார்.”

“அப்புறம் என்னடிம்மா குறை உனக்கு?”

“அந்தக் கார்டை எழுதறப்போ, இந்த வருஷத்தை நான் பார்க்கறதாவே இல்லை சார்.”

பியோனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“எழுபத்து மூணு கம்பெனில வேண்டாம்னுட்டாங்க. பட்டம் வாங்கற அன்னைக்கு யாரும் வராதீங்கன்னு வீட்டுல சொல்லிட்டு, இங்க வந்து எழுதினேன். ஒரு வருஷம் போனா அழுது ஓஞ்சிருப்பாங்க, அப்புறமா ஏன்னு தெரிஞ்சுக்கட்டும்னு நினைச்சேன். கண்ணு தெரியாம அழுதுக்கிட்டே போட்டுட்டுப் போனேன். மாசக் கடைசில நாளும் குறிச்சு வெச்சிருந்தேன்.”

“அப்புறம் எப்படிம்மா...?”

“அந்த வாரமே எங்கப்பா வந்து நின்னாரு. பூண்டு வயலை விட்டு ஒரு நாள் நகராத மனுஷன். இடுப்பு வலியாம், பூசான் வைத்தியர்தான் பார்க்கணுமாம். காலை நீட்ட இடமில்லாத ரூம்ல ஒரு மாசம் கதவை ஒட்டிப் படுத்துக்கிட்டாரு. அந்தக் குறட்டைக்குத் தினமும் சண்டை போட்டேன். இன்டர்வியூக்குச் சட்டை தேய்ச்சுக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு மட்டும் அன்னைக்கு வலி வராம இருந்திருந்தா...”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அவங்களுக்கு இது எதுவுமே தெரியாது சார். அம்மா தினமும் காலைல ஏழு மணிக்கு போன் பண்ணி, என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க. அப்பா சனிக்கிழமை தவறாம பஸ் ஏறி வந்து பூண்டு ஊறுகாய் கொடுத்துட்டுப் போவாரு. இப்போ போய் அதைப் படிச்சா செத்துருவாங்க சார்.”

பியோன் அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, மூட்டையை அவிழ்த்து மேஜையில் கொட்டினார்.

இருவரும் ஒவ்வொரு கார்டாகப் புரட்டினார்கள். அடுத்த வருஷம் நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரு குழந்தை எழுதியிருந்தது. பத்துக் கிலோ குறைந்திருப்பேன் என்று ஒருத்தர் சத்தியம் செய்திருந்தார். நாரேவின் கார்டு மட்டும் இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார்கள். இல்லவே இல்லை.

“திங்கட்கிழமை ஒரு கட்டு முன்னாடியே அனுப்பிட்டேன்மா” என்றார் பியோன், அவள் முகத்தைப் பார்க்காமல். “அதுல போயிருக்கும். எந்த ஊரு?”

“நம்ஹே.”

“அப்போ இன்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.”

மூன்றாவது முயற்சியில்தான் நாரேவுக்கு அம்மாவின் எண் கிடைத்தது.

“என்னடி இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?” அம்மாவின் குரலில் பதற்றம்.

“அம்மா, நான் எழுதின கார்டு ஏதாவது வந்துச்சா? வந்தா படிக்காதம்மா. அப்பா கண்ணுல படறதுக்குள்ள கிழிச்சுப் போட்டுடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அந்தக் கார்டு போன வருஷமே வந்துடுச்சுடி. அதனாலதான் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்துச்சு.”