மருந்து அடிக்காத கீரை

"திருடுறதுதான் திருடின, தின்னாவது தொலைச்சிருக்கலாமே! குப்பையிலயா கொட்டுவ?"

டைப்பிஸ்ட் போட்ட சத்தத்தில் ஆபீஸே மாடிப்படிக்கு ஓடி வந்தது. கூட்டுகிற அம்மாள் கையில் காலிப் பை. பக்கத்துக் குப்பைத் தொட்டியில் பச்சைப் பசேலென்று கீரை.

மூன்று திங்கட்கிழமையாக இந்தக் கூத்து. ஹெட் கிளார்க் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு பை கொண்டுவந்து கொடுப்பார். அதனாலேயே அவருக்குக் கீரை சார் என்று பெயர். டைப்பிஸ்டுக்கு ஆறாவது மாசம் என்பதால் அவள் பை மட்டும் கொஞ்சம் கனம். மதியத்துக்குள் அது மாயமாகிவிடும். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"வயித்துப் பிள்ளைக்காரி வாய்க்குப் போறதைப் பறிக்க எப்படி மனசு வந்துது?"

அந்த அம்மாள் பையில் ஒட்டியிருந்த கடைசி இலையையும் தொட்டியில் உதறினாள். திமிரைப் பார் என்று டைப்பிஸ்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீரை சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு மருந்து அடிக்காத கீரை! கடையில விஷத்தை வாங்கித் திங்கிறவங்களுக்கு இதோட அருமை எங்க தெரியப் போகுது?"

இந்தப் பிரசங்கம் ஆபீஸுக்கே மனப்பாடம். அவர் நிறுத்தவில்லை.

"என் பொண்ணும் மாசமா இருக்கா. அவ வேற, இந்தப் பொண்ணு வேறன்னு நான் நினைச்சதே இல்லை."

டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பாகூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

"இவங்களை வேலையை விட்டு அனுப்புங்க சார்."

"எழுதிக் கொடும்மா, கையெழுத்துப் போடறேன். நாளையிலேருந்து இங்கயும் வர வேண்டாம், என் வீட்டுக்கும் வர வேண்டாம்."

காலையில் அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் இந்த அம்மாள்தான்.

"ரெண்டும் போச்சா? அப்ப இனிமே சொன்னா என்ன?" என்று பையை மடித்துக் கீழே வைத்தாள். "பாப்பா, சார் வீடு இருக்கிற இடம் முன்னாடி பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையாம். மண்ணைச் சோதிக்கக் கொடுத்தாங்க. ஈயம் கலந்திருக்கு, அதுல விளையறதைத் தின்னாதீங்கன்னு தாள் வந்து ஒரு மாசமாச்சு. அன்னையிலேருந்து அங்க சமையலுக்கு எல்லாமே கடைக் காய்தான். எல்லார் பையையும் கொட்ட எனக்கு ஏது தைரியம்? உன் வயித்தைப் பாத்துட்டுத்தான் சும்மா இருக்க முடியல."

பின்னால் நின்றவர்கள் தங்கள் பைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். டைப்பிஸ்டின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சார்?"

கீரை சார் தொண்டையைச் செருமினார். "நல்லா அலசி, வேகவெச்சுட்டா…"

"சார் வீட்டு அம்மா அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கிப் போடச் சொன்னாங்க," என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள் அவள். "'ஆசையா வளர்த்ததை எதுக்கு வீணாக்கணும், ஆபீஸ்ல கொடுத்துடறேன்'னு சார்தான் சொன்னாரு."