காயப்போட்ட பேட்டரிகள்

கோர்பு மலை ஏறப்போன பத்துமலையின் டிரான்சிஸ்டர் இரண்டாம் நாளே முனகத் தொடங்கிவிட்டது. அன்று மாலை பேராக் அணியின் பந்தாட்டம். அதைக் கேட்காமல் ஊருக்கு, ஜெலாப்பாங்குக்குத் திரும்பினால் தொழிற்சாலையில் தலைகாட்ட முடியாது. வீட்டில் செய்வதுபோலவே நான்கு பேட்டரிகளையும் கழற்றிப் பாறைமேல் வெயிலில் காயப்போட்டான்.

"சூடு ஏறட்டும் மச்சான். ஆட்டம் முடியிற வரைக்கும் தாங்கும்லா," என்று கூட வந்த சன்னாசியிடம் சொல்லிவிட்டு சார்டின் டின்னைத் திறந்தான்.

மடியில் கிடந்த டிரான்சிஸ்டர் தொண்டையைச் செருமியது.

"பாறைமேல் பேட்டரி காயப்போட்டிருக்கும் நேயர்கள் உடனே எடுத்துவிடவும். மழை வருகிறது."

இருவரும் பாய்ந்து அள்ளிக்கொண்டு பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். மழை கொட்டியது. பேட்டரிகளைத் துடைத்து டிரான்சிஸ்டருக்குள் போட்டார்கள். டிரான்சிஸ்டர் வாயே திறக்கவில்லை.

"பேட்டரி இல்லாம பேசிச்சே மச்சான்," என்று சன்னாசி நடுங்கினான்.

பத்துமலைக்குக் கோபம்தான் வந்தது. நான்கையும் மறுபடி பிடுங்கினான். "மழைய விடுங்கண்ணே, ஆட்டத்தச் சொல்லுங்கலா!"

"சொல்கிறேன்," என்றது குரல். "நேயர்கள் முதலில் கொஞ்சம் தள்ளி உட்காரவும். நானும் நனைகிறேன்."

நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு இருவரும் தள்ளி உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் வர்ணனை தொடங்கியது.