வடிவம்மா வீட்டு யன்னல்

யோகலிங்கம் மறுபடியும் படலை வரை போய் வீதியைப் பார்த்தான். மனைவி சுதாஜினியின் ஸ்கூட்டியைக் காணவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தவன், இருந்த சூட்டிலேயே எழும்பினான்.

முன்பென்றால் இந்தத் தவிப்புக்குக் காரணம் இருந்தது. சுதாஜினி முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய் வந்தாள். யோகலிங்கமோ விறகு வெட்டப் போன தம்பியை மிதிவெடிக்குப் பறிகொடுத்தவன். அவன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து பிடிவாதம் பிடித்த பிறகு, ஒரு நாள் அவள் வாளியும் துணிகளும் வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இனிக் கிளிநொச்சி ரவுனில கடையளுக்கு யன்னல் துடைச்சுக் குடுக்கப் போறன். சொந்தத் தொழில். இப்ப சாப்பிடுங்கோ."

அன்றிலிருந்து காலையில் வாளியோடு போய் மாலையில் வாளியோடு வருகிறாள். உருத்திரபுரம் முழுக்க அவளுக்குப் பெயர் "கண்ணாடி சுதா". ஆனாலும் பொழுது சாயத் தொடங்கினால் அவனுக்கு இருப்புக் கொள்வதில்லை.

ஸ்கூட்டி வந்து நின்றது. அவன் முதலில் அவளுடைய கால்களைப் பார்த்தான், பிறகுதான் முகத்தை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"புதுசாய்க் கட்டின கடையப்பா. மூண்டு மாடியும் கண்ணாடி. முடிய வேணுமே?"

அவள் வாளியை இறக்கி வைப்பதற்குள் அடுத்த வளவு வடிவம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பிள்ளை, என்ரை மகன் கனடாவில இருந்து பெண்சாதியோட வாறான். மேல்மாடி யன்னல் முழுக்கப் பெயின்ரும் சீமெந்தும். நாளைக்கு வந்து துடைச்சுத் தாவன்."

சுதாஜினியின் முகம் மாறியது. "நாளைக்கோ அக்கா? ரவுனில ஒரு வேலை..."

"ஞாயித்துக்கிழமையில என்ன வேலை?" யோகலிங்கம் முந்திக்கொண்டான். "வருவா அக்கா. நானும் கூட வாறன்."

மறுநாள் காலை வடிவம்மாவின் மேல்மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிலம் வரை இறங்கிய பெரிய யன்னல்கள். சுதாஜினி முதல் யன்னலின் முன் நெடுநேரம் சும்மா நின்றாள். பிறகு முழந்தாளிட்டு, இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு கையகலத்தை மட்டும் நனைத்தாள்.

வாளியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துச் சரித்துப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு பெயின்ற் பொட்டைச் சுரண்டினாள். நிறுத்திக் கூர்ந்து பார்த்தாள். துடைத்தாள். அது முடிந்த பிறகுதான் பக்கத்துக் கையகலத்துக்கு நகர்ந்தாள். தகடு கண்ணாடியில் கிரீச்சிட்டபோது தோள் இரண்டும் துள்ளி விழுந்தன.

தேத்தண்ணியோடு வந்த வடிவம்மா வாயில் கை வைத்தாள். "இதென்ன பிள்ளை, பூத்தையல் போடுறியோ? ரவுனிலயும் இப்பிடித்தான் துடைக்கிறனியோ?"

சுதாஜினி சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. வடிவம்மா கீழே இறங்கிப் போனாள்.

மத்தியானம் ஆகியும் ஒரு யன்னல்தான் முடிந்திருந்தது. அதிலும் வெயில் பட்டவுடன் சவர்க்காரக் கோடுகள் வரிவரியாய்த் தெரிந்தன. அவள் அவசரமாக மறுபடி துடைத்தாள். கோடுகள் கூடின. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. யோகலிங்கம் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவன் எழும்பி வந்து, ஒரு துணியை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து நீட்டினான்.

"கையை வீசித் துடை, சுதா. கண்ணாடி வெடிக்காது."

அவளுடைய கை அப்படியே நின்றது.

"எப்ப தெரியும்?"

"போன மாசம். நீ சொன்ன கடைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தனான். யன்னல் துடைக்க அப்பிடி ஒருத்தியும் வாறேல்லை எண்டிச்சினம்."

அவள் நிலத்தில் சரிந்து இருந்தாள். "பொய் சொல்ல நினைக்கேல்லையப்பா. வாளியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கினனான். எங்கட பெடியளே துடைப்பாங்கள் எண்டு ஒருத்தரும் உள்ளுக்கு விடேல்லை. உங்களிட்டச் சொல்லவும் வெக்கம், வீட்டில சும்மா இருக்கவும் ஏலேல்லை. திரும்பவும் முகமாலைக்கே வெடி எடுக்கப் போயிட்டன். ஏசுங்கோ, என்னை ஏசுங்கோ."

அவன் துணியைத் தானே எடுத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே இழுப்பாக இழுத்தான். கண்ணாடிக்கு அப்பால் பச்சை வயல் பளிச்சென்று தெரிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அவனிடமிருந்து துணியை வாங்கினாள். முதலில் பயந்து பயந்து, பிறகு கொஞ்சம் துணிந்து, பிறகு தோள் வரை கையை வீசி. அவன் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் மேல்மாடி யன்னல்கள் முழுவதும் முடிந்திருந்தன.

கடைசி யன்னலின் முன் நின்று, அவனைப் பார்க்காமலே அவள் கேட்டாள்.

"நாளைக்குக் காலமை அங்க வேலைக்குத் தேடுவினம். நான் என்னத்தைச் சொல்ல?"

"வேலை கிடைச்சிட்டுது எண்டு சொல்லு" என்றான் யோகலிங்கம். "இந்த வீட்டைப் போல இன்னும் நாலு வீட்டில கெஞ்சி வச்சிருக்கிறன்."