நாற்பத்தொரு முறை விழுந்த மாமியார்

தண்ணீர்மலை முருகன் அறிய, இதில் ஒரு சொல்கூடக் கைச்சரக்கு இல்லை.

மலேசியாவில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் ஞாயிறு காலை சுகுமாரனுக்குப் போன் வந்தது. சீரியல் பார்க்க வீட்டில் சந்தா கட்டும் நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி பேசினார்.

"அண்ணே, மாமியார் மாடிப்படியில உருண்டு விழுற சீனை உங்க வீட்டுல நாப்பத்தொரு தடவ திருப்பித் திருப்பிப் பாத்திருக்கீங்க. எங்க கம்ப்யூட்டர் அதப் பாத்துட்டு, எல்லா எபிசோட்லயும் அந்தம்மாவ விழ வைக்கச் சொல்லுது லா. நடிகைக்கு இடுப்புல கட்டுப் போட்டிருக்கு. கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

சுகுமாரன் போனை வைத்துவிட்டு மனைவி துளசியைப் பார்த்தார். துளசி சுவரைப் பார்த்தாள்.

"மாமியார் விழறதுல உனக்கு அவ்வளவு ஆசையா? நாளைக்கே அம்மாவ சிம்பாங் அம்பாட்ல இருக்கிற அக்கா வீட்டுல விட்டுர்றேன். அங்கயாவது பத்திரமா இருக்கட்டும்."

சோபாவிலிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"அவள ஏன்டா திட்டுற? பாத்தது நான். அந்த நடிகை அச்சு அசல் துளசியோட அம்மா மாதிரியே இருக்கா லா. சம்பந்தி விழறதப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு."

சுகுமாரனுக்கு உயிர் வந்தது. துளசியைச் சமாதானப்படுத்த ரொட்டி சானாய் வாங்கக் கீழே இறங்கினார்.

பகலெல்லாம் வேலையில் இருக்கும் அவருக்குத் தெரியாத விவரம் ஒன்று உண்டு: அம்மாவுக்கு ரிமோட்டைப் பிடிக்கக்கூட வராது, டிவியைப் போடவே துளசியைத்தான் கூப்பிடுவார்.