சிங்காரம் மாட்டின ஃபேன்

ஒரு புளியமரத்துக் கீழ்ப்பொந்துல சிங்காரம்னு ஒரு அணில், அவன் பொண்டாட்டி பொன்னுருவி, ரெண்டு குட்டிங்க. வெயில்னா அப்படியொரு வெயில், குட்டிங்க மூணு நாளாத் தூங்கல. ஃபேன் வாங்கியாச்சு. மாட்டித் தரேன்னு சொன்ன குரங்கு மட்டும், "இதோ கெளம்பிட்டேன்"னு மூணு நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கு.

"நாலு திருகாணி. இதுக்கு ஒரு ஆளா? நானே மாட்டறேன்"னான் சிங்காரம்.

"நீங்க மாட்டின ஊஞ்சல்ல எங்கம்மா விழுந்தது மறந்துபோச்சா?"ன்னா பொன்னுருவி.

அந்தம்மா விழுந்தது எறும்புப் புத்துல. அவங்க வாய்க்குப் பயந்து எறும்புங்கதான் வீட்டைக் காலி பண்ணிச்சுங்க. அது கெடக்கட்டும்.

குட்டிங்க சிணுங்கறதைக் கேக்க முடியாம சிங்காரம் மாட்டிட்டான். சுவிட்சைப் போட்டா ஃபேன் ஜோராச் சுத்துது, காத்துதான் வரல. றெக்கையைத் தலைகீழா மாட்டியிருக்கான். காத்தெல்லாம் கூரை ஓட்டை வழியா மேல போயிடுச்சு. சிங்காரத்துக்கு வாலே தொங்கிப்போச்சு.

மேல்கிளைல இருந்து காக்கா எட்டிப் பாத்துச்சு. "ஏப்பா சிங்காரம், எங்க கூட்டுல என்னமா காத்து அடிக்குது. உன் குட்டிங்களையும் மேல அனுப்பு."

சாயந்தரம் குரங்கு ஸ்பானரோட வந்துச்சு. "கழட்டி நேராக்கிடவா?"

மேல குட்டிங்க ரெண்டும் குறட்டை விடுதுங்க. பொன்னுருவி புருஷனை ஒரு பார்வை பாத்தா.

"வேணாண்ணே. இவரு சரியாத்தான் மாட்டியிருக்காரு. நாங்கதான் தப்பான மாடியில குடியிருந்தோம்."

தொங்கின வால் அப்படியே நிமிந்துச்சு.